சந்தனப் பொட்டு வைத்த இரண்டு டிஸ்க்குகள்

உங்களில் பாதிப் பேர் சர்வர் என்ற பொருளைக் கையால் தொட்டதே இல்லை என்பது, நீங்கள் என்னை உங்கள் ஐடி ஆபீசுக்குப் பேசக் கூப்பிட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் பராமரிக்கும் அறையில் அது இருக்கிறது. நீங்கள் அம்பத்தூரில் உட்கார்ந்து திரையில் அதை ஓட்டுகிறீர்கள். நல்லது. பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தக் காலத்துல சர்வரையெல்லாம் நீங்களே துடைப்பீங்களா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

துடைத்தோம், கண்ணு. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரமும் காட்டினோம். அப்படிக் காட்டியதில் ஒரு கம்பெனியின் நாலு மாதக் கணக்கு காற்றில் போக இருந்தது. ஒரு நல்ல மனிதரின் பிழைப்பும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனி எங்களுடையது. பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எண்பதுகளின் கடைசியில் டைப் அடிக்கிற பெண்ணாக உள்ளே போன நான், சில வருஷங்களில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டேன். என் கெட்டிக்காரத்தனம் பாதிக் காரணம். மீதிக் காரணம், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்த அறையின் ஏசி மீது மட்டும் எல்லோருக்கும் கண்.

காலையில் பருத்திப்பட்டிலிருந்து கிளம்பி, ஆவடியில் பஸ் மாறி, படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்கு நடுவில் புகுந்து எஸ்டேட்டில் இறங்குவேன். இறங்கியதுமே கட்டிங் ஆயில் வாசனை முகத்தில் அடிக்கும். சைக்கிள்கள் ஆறாக ஓடும். சங்கு ஊதுவதற்குள் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஓடுகிற கூட்டம். இன்றைக்கும் எங்காவது லேத் பட்டறையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

எங்கள் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மேஜைக்குக் கீழே, குட்டி பீரோ மாதிரி நின்றுகொண்டிருக்கும் சர்வர். அதை நிறுவியது நான்தான். விற்ற கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் சாயந்திரம்தான் திரும்பினார். அதற்குள் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து நானே முடித்துவிட்டேன்.

முன்பக்கம் இரண்டு தட்டுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே மாதிரி மூடிய ஒவ்வொரு தட்டிலும் ஒரு டிஸ்க். மேல் டிஸ்க்கில் எதை எழுதினாலும் அதே நொடியில் கீழ் டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது வேலையை நடத்தும். இதற்கு மிர்ரர் என்று பெயர். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் வந்த இரண்டும் வேறு வேறு கம்பெனி டிஸ்க்குகள். மேலே போட்டது கொஞ்சம் பெரியது. ஜோடி சேர்க்க வேண்டுமானால் சிறியதன் அளவுக்குத்தான் பெரியதிலும் பார்ட்டிஷன் போட்டுப் பகுதி பிரிக்க முடியும். ஆகவே சிஸ்டத்துக்கு ஒன்று, தகவல்களுக்கு ஒன்று என்று இரண்டிலும் ஒரே மாதிரி பிரித்தேன். பெரியதன் கடைசியில் ஒரு துண்டு இடம் எதற்கும் உதவாமல் நின்றுவிட்டது. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணி மாதிரி. எரிச்சலாக இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்கு இந்த மிர்ரர் மேல் அபாரமான காதல். வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டி வந்து, "ஒண்ணு போனா இன்னொண்ணு" என்று காட்டுவார். நகல் எடுத்து வைக்கிற டேப் டிரைவ் பழுதானபோது, "ரெண்டு டிஸ்க் இருக்கேம்மா, மூணாவதா ஒரு நகல் எதுக்கு?" என்று ரிப்பேர் செலவை மறுத்துவிட்டார். நான் மறுபடி மறுபடி கேட்டேன். கண்ணாடி நம் முகத்தைத்தான் காட்டும், சார், முகத்தில் கரி பூசினால் கரியையும் சேர்த்துக் காட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். இது உங்களுக்கும்தான்: மிர்ரர் வேறு, பேக்கப் வேறு. தவறான கோப்பை அழித்தால், மிர்ரர் அதை இரண்டு இடத்திலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

அவர் செய்த இன்னொரு காரியம் சர்வரின் திரையில் கை வைத்தது. கோடைக் காலத்தில் அக்கவுண்ட்ஸில் ஒரு திரை எரிந்துபோனதும், "சர்வருக்கு ஸ்க்ரீன் எதுக்கு? யார் உக்காந்து பாக்கறா?" என்று என் அறையிலிருந்து தூக்கிப் போய்விட்டார்கள். தடுத்தேன், நடக்கவில்லை. அன்று முதல் எங்கள் சர்வர் என்ன சொன்னாலும் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் சாதாரண விஷயம் இல்லை. உலையில் வெந்து வரும் ஒவ்வொரு லாட் பல்சக்கரமும் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று சோதிப்பார்கள். அந்த முடிவு இல்லாமல் லாரிக் கம்பெனிக்காரர்கள் சரக்கைத் தொடமாட்டார்கள். முன்பு அதெல்லாம் சீட்டில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துவிடலாம் என்று ஜிஎம் உத்தரவு போட்டிருந்தார். ஆக, உலகத்திலேயே அந்த எண்கள் இருந்த இடம் அந்த ஒரு பெட்டிதான்.

இனி குணசேகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எலெக்ட்ரீஷியன். கோவில்பதாகைக்காரர். குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் நிலம் இருந்தது. காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு சைக்கிளில் வேலைக்கு வருவார், கணுக்காலில் சேறு காய்ந்திருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் குணா அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார். எத்தனை சொல்லியும் மாற்றவில்லை. அந்த வருஷம் அவருக்கு சூப்பர்வைசர் பதவி வரப்போகிறது என்று மெஷின் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். புதுச் சட்டை எல்லாம் தைத்துவிட்டார்.

ஆயுத பூஜை என்றால் எஸ்டேட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதும் வைக்கிறீர்கள், கீபோர்டு மேல் ஒரு பொட்டு. அன்றைக்கு அது வேறு. ஒரு வாரம் முன்பே துடைப்பு ஆரம்பிக்கும். லேத்தின் இண்டு இடுக்கில் இருக்கும் இரும்புச் சீவலைக் கூடக் குச்சியால் நோண்டி எடுப்பார்கள். கலர்க் காகிதம், மாவிலை, வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலில் கோலம் போடுவது எப்போதும் நான்தான், வேறு யார் போட்டாலும் எனக்குப் பிடிக்காது. பூஜை ஆனதும் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. மறுநாள் விஜயதசமி காலை, நல்ல நேரத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள் தடவிய தாளில் முதல் இன்வாய்ஸ் அச்சடிப்போம்.

சர்வரும் ஆயுதம்தானே. ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஜிஎம் சொன்னார். முந்தைய ஆயுத பூஜைக்குப் பிறகு அதை நாங்கள் அணைத்ததே இல்லை. முறைப்படி அணைத்துவிட்டு, சுண்டல் பொட்டலம் கட்ட கேன்டீனுக்குப் போனேன். மெஷின்களைத் துடைப்பது மெயின்டனன்ஸ் ஆட்களின் வழக்கம், அதில் யாரும் தலையிடுவதில்லை. திரும்பி வந்தபோது அறை பளபளவென்று இருந்தது. அக்கவுண்ட்ஸ் திரையைக் கூடப் பூஜைக்காகத் திருப்பிக் கொண்டுவந்து சர்வர் மேல் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு. அழகாகத்தான் இருந்தது. பூஜை முடிந்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை என் அறையில் நிற்க இடமில்லை. ஜிஎம், அக்கவுண்ட்ஸ் ஆட்கள், வாசலில் டெஸ்பாட்ச் பையன்கள், பிரிண்டரில் மஞ்சள் தாள். நான் சர்வரைப் போட்டேன். திரை எழும்பி, ஒரு கேள்வியில் நின்றது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல் இல்லை, மேல் தட்டில் இருப்பதைக் கீழ் தட்டில் எழுதட்டுமா, ஆமாம் என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'.

"என்னம்மா அது?" என்றார் ஜிஎம்.

சொன்னேன்.

"அப்போ எழுதட்டும். ஒய் போடு. நல்ல நேரம் முடியப் போகுது."

என் விரல் அந்த எழுத்தின் மேல்தான் இருந்தது. பின்னால் அத்தனை பேர் மூச்சு விடுவது கேட்கிறது. கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அழுத்திவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு சாதாரணச் சந்தேகம் வந்தது. நேற்று இரண்டும் ஒன்றுபோல் தூங்கப் போனவை. ராத்திரி யாரும் எதையும் எழுதவில்லை. அப்படி இருக்கக் காலையில் எப்படி வேறு வேறாக எழுந்திருக்கும்? ஒன்றுபோல் இல்லை என்றால், தூங்கப் போகும்போதே ஒன்றுபோல் இருந்திருக்கவில்லை. எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதச் சொல்வது, மூடிய இரண்டு பானையில் எதில் பால் என்று பார்க்காமல் ஒன்றைச் சாக்கடையில் கொட்டுவது மாதிரி.

'என்' எழுத்தை அழுத்தினேன், வேண்டாம் என்று. மேல் டிஸ்க்கை மட்டும் வைத்து சர்வர் எழும்பியது. சோதனை முடிவுகளைத் திறந்து கடைசிப் பதிவுக்குப் போனேன். அது ஜூன் மாதத்தில் நின்றது.

ஜூனுக்குப் பிறகு எத்தனை லாட், எத்தனை லாரி, எத்தனை சீட்டு கிழித்துப் போட்டோம் என்று எல்லோர் மனதிலும் ஓடியது. நான் உடனே சர்வரை அணைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன ஆயிற்று என்று புரியாதபோது, முதலில் எழுதுகிற கையை நிறுத்துங்கள். யோசிக்கிறது பிறகு.

ஜிஎம் ஓடிப்போய் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் திணித்தார். மறுமுனையில் அவர்களுடைய சீனியர் எஞ்சினியர். "மேடம், இது ரொட்டீன். ஒய் குடுத்துடுங்க. எல்லா சைட்லயும் அப்படித்தான் பண்றோம்" என்றார்.

"அதையே ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் பண்ணிடுங்க சார். உடனே பண்றேன்."

"ஆள் அனுப்பறேன் மேடம், வர்றவரைக்கும் தொடாதீங்க" என்றார். போனில் இருந்த தைரியம் ஃபேக்ஸுக்கு வரவில்லை. போனில் உங்களுக்கு யோசனை சொல்கிறவர் கெட்டவர் இல்லை. ஆனால் போகப்போவது அவருடைய நாலு மாதம் இல்லை.

திரும்பி வந்தேன். கூட்டம் அப்படியே நின்றது. "நேத்து துடைக்கும்போது யாராவது இந்தப் பெட்டியில எதையாவது கழட்டினீங்களா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் ஜிஎம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்துக்கு முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? "கேக்கறாங்க இல்ல?" என்று கத்தினார். "எவன் கை வெச்சது? இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பறேன்!" இதற்குப் பிறகு பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

வாசல் பக்கத்தில் குணா அண்ணன் நின்றிருந்தார். புதுச் சட்டை. கையில் தேங்காய் மூடி. அதை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ரெண்டு தட்டையும் வெளிய இஸ்து, துணி விரிச்சி வெச்சி தொடச்சேன் மேடம். உள்ள அவ்ளோ தூசி. தொடச்சி, பொட்டு வெச்சி, திரும்ப சொருவிட்டேன்."

"எது மேல இருந்தது, எது கீழ இருந்ததுன்னு பாத்தீங்களாண்ணா?"

"ரெண்டும் ஒரே மாறி கீது மேடம். மேல, கீழன்னு சீட்டு ஒட்டிகினு இருந்திச்சி. பிசுக்கா கீதேன்னு தின்னர் போட்டு அத்தயும் எடுத்துட்டேன்." மேல் தட்டையும் கீழ் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தெர்ல மேடம். மாத்திதான் வெச்சிட்டேன் போலக்கீது."

ஜிஎம் என்னென்னவோ கத்தினார். அதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அது காதில் விழவும் இல்லை, ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எப்போதோ ஜூனில், மின்சாரம் போய் வந்த ஒரு தடுமாற்றத்தில், கீழ் டிஸ்க் ஜோடியிலிருந்து விலகியிருக்கிறது. சர்வர் அதை அன்றே திரையில் எழுதியிருக்கும், திரைதான் அக்கவுண்ட்ஸில் இருந்ததே. மேல் டிஸ்க் தனியாகவே நாலு மாதம் பாரம் சுமந்திருக்கிறது. நேற்று இரண்டும் இடம் மாறியதில், ஜூனில் நின்றுபோனது மேலே வந்துவிட்டது. ஒய் அழுத்தியிருந்தால் அந்தப் பழையது, நல்லதன் மேல் முழுக்க எழுதப்பட்டிருக்கும். பிறகு ஆண்டவரே வந்தாலும் திருப்பித் தந்திருக்க முடியாது.

ஆனால் இது என் ஊகம்தானே. டிஸ்க் இரண்டும் மாறியது உறுதியா? கடைசி வாய்ப்பை ஊகத்தின் மேல் வைக்கக்கூடாது. சர்வரோடு வந்த நிறுவும் ஃப்ளாப்பியைப் போட்டு, பார்ட்டிஷன்களைக் காட்டும் பக்கத்தை மட்டும் திறந்தேன். எதையும் எழுதாது, காட்ட மட்டும் செய்யும். மேல் தட்டில் இருந்த டிஸ்க், பார்ட்டிஷன்களோடு சரியாக முடிந்தது. கீழ் தட்டில் இருந்ததன் கடைசியில் ஒரு துண்டு இடம் சும்மா கிடந்தது. நான் எரிச்சலோடு விட்டுவைத்த அதே துண்டு. அந்தப் பெரிய டிஸ்க்கை நான் என் கையால் மேல் தட்டில் செருகியவள். இப்போது கீழே இருக்கிறது. சந்தேகமே இல்லை.

அணைத்தேன். பழையதை உருவி எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவசரத்தில் யாரும் அதைத் திரும்பச் செருகிவிடக்கூடாது, நானும்தான். நல்லதை மேல் தட்டுக்கு மாற்றிப் போட்டேன். அதன் முகப்பில் குணா அண்ணன் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை முணுமுணுத்தபடிதான் ஸ்விட்சைப் போட்டேன். சர்வர் எழும்பியது. கடைசிப் பதிவு, பூஜைக்கு முந்தைய ஷிப்ட்.

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ராகு காலத்தில்தான் முதல் இன்வாய்ஸ் அச்சானது. அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனி நன்றாகவே ஓடியது. முக்கியமான கோப்புகளை எல்லாம் அக்கவுண்ட்ஸ், டிசைன் அறைக் கம்ப்யூட்டர்களுக்கு இறக்கி வைத்த பிறகுதான் வேறு புது டிஸ்க் போட்டு மறுபடி ஜோடி சேர்த்தேன். டேப் டிரைவும் ரிப்பேராகி வந்தது, திரையும் என் அறைக்குத் திரும்பியது. இத்தோடு கதை முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை.

அந்த வாரமே குணா அண்ணனுக்கு மெமோ. சூப்பர்வைசர் பதவி போயிற்று. பாடியில் எங்களுக்கு இருந்த பழைய ஷெட்டுக்கு, ஷிப்ட் எலெக்ட்ரீஷியனாக மாற்றல். சைக்கிளில் வந்து போனவர் இனி இரண்டு பஸ் மாற வேண்டும், காலையில் நிலத்தைப் பார்க்க முடியாது.

நான் ஜிஎம் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அவர் வாயைத் திறக்கலேன்னா இன்னிக்கு நமக்கு அந்த டிஸ்க் இல்ல சார். எது எதுன்னு தெரியாம, ஆள் வந்து ஒய் போட்டிருப்பான். திரை என் ரூம்ல இருந்திருந்தா ஜூன்லயே தெரிஞ்சிருக்கும். அதுக்கு யாருக்கு மெமோ?"

அவருக்குக் கடைசிக் கேள்வி பிடிக்கவில்லை. "உண்மையைச் சொன்னதாலதாம்மா வேலையில வெச்சிருக்கேன். டிசிப்ளின்னு ஒண்ணு வேணாமா?" என்றார். கொடுமைக்காரர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் யாரையாவது தண்டித்தால்தான் தூங்குவார்கள்.

கிளம்புகிற அன்று குணா அண்ணன் என் அறைக்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு. "வுடுங்க மேடம், நீங்க இன்னாத்துக்கு அளுவுறீங்க? பொய் சொல்லிகினு ஊட்டுக்குப் போனா சோறு எறங்காது. பாடியிலயும் கரண்டுதான் ஓடுது." சிரித்துவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்த மெமோவை ஷாப்பில் எல்லோரும் படித்தார்கள். படித்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். அதை நான் அடுத்த வருஷம் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சர்வர் பொத்தென்று அணைந்தது. யுபிஎஸ் லைனில் யாரோ எதையோ செருகியிருக்கிறார்கள். எங்கே, எதை? அது தெரிந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒவ்வொருவராகக் கேட்டேன். "நான் தொடவே இல்ல மேடம்." அடுத்தவர், "நான் அந்தப் பக்கமே போவல மேடம்." மேனேஜரிலிருந்து பெருக்குகிற அம்மா வரை ஒரே பாட்டு. சுவர் சுவராக வயரைத் தடவிக்கொண்டே நான் போக, சர்வர் விழுந்து எழுந்து மறுபடி விழுந்தது. சாயந்திரம் டிசைன் அறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு டிரில்லிங் மெஷின் பிளக் கிடைத்தது. அதற்குள் ஒரு டிஸ்க் போய்விட்டது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னை நம்புங்கள், டிஸ்க் சாவது பெரிய விஷயம் இல்லை. கடையில் கிடைக்கும். அன்று டிஸ்க்கைக் காப்பாற்றிவிட்டு, என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்கிற வாயை மூடிவிட்டோம். அதற்கு மிர்ரரும் கிடையாது, டேப்பும் கிடையாது. உங்கள் அறையில் ஏதாவது உடைந்தால், யார் செய்தது என்று கேட்கும் முன், அந்த ஆளால் உங்களிடம் வந்து சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், நீங்கள் திரை இல்லாத சர்வரை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சில வருஷம் கழித்து ஜிஎம் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் முதல் நாளே செக்‌ஷன் பொறுப்பாளர்களைக் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒருவர் புதுப் பிரிண்டர் கேட்டார், ஒருவர் ஏசி கேட்டார். என் முறை வந்தபோது, "பாடி ஷெட்டுல ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கார் சார், அவர் வேணும்" என்றேன். ஏன் என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். "சூப்பர்வைசராவே வரட்டும்" என்றார்.

குணா அண்ணன் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது. சைக்கிள் அதேதான். கணுக்காலில் சேறும் அதேதான். சேர்ந்த ஒரு வாரத்துக்குள், ஒரு காலை நான் டீயைக் கையில் எடுத்த நேரம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"மேடம், யுபிஎஸ் ரூம்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன்."

இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு கெட்ட செய்தியை நான் கேட்டதில்லை. டீயை அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்கண்ணா. மொதல்லேர்ந்து சொல்லுங்க."